கேமராவும் என்விஆரும் ஒத்துப்போகவில்லையா? கதவுப் பூட்டு வரை படிப்படியாகச் சரிசெய்யும் வழி

“ரெண்டும் வேற வேற கம்பெனி சார், செட் ஆகாது.” சிசிடிவி வேலைக்கு வருபவர்களிடம் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. அதை நம்பி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த என்விஆரைக் (கேமரா வீடியோவைப் பதிவு செய்யும் பெட்டி) கழற்றி வைத்துவிட்டுப் புதிது வாங்கியவர்களும் நிறைய. எதைச் செய்தாலும் சேராத சாதனங்கள் உண்டுதான், அவற்றைப் பிற்பகுதியில் சொல்கிறேன். ஆனால் ‘செட் ஆகாது’ என்று கைவிடப்படும் இடங்களில் பெரும்பாலும் எங்கோ ஒரு படியில்தான் பேச்சு அறுந்திருக்கும். மின்சாரம், சிக்னல், முகவரி, லாகின், வீடியோ வடிவம், கடைசியாக அலாரமும் கார்டு எண்ணும் என்று கீழிருந்து மேலே ஏறிப் பார்த்தால் அது எந்தப் படி என்று தெரிந்துவிடும்.

இந்தியாவில் இந்தச் சிக்கல் இப்போது அதிகமாகியிருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரலில் அறிவித்த விதிகளின்படி, 2025 ஏப்ரல் 9 முதல் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறிய பிறகே சந்தைக்கு வர வேண்டும். நான்கைந்து வருடம் முன்பு வாங்கிய மாடல் பழுதானால் அதே மாடல் கடையில் கிடைப்பது அரிதாகிவிட்டது. பழைய என்விஆரில் புதிய பிராண்டு கேமராவை மாட்டியாக வேண்டிய நிலை அடுக்குமாடிகளிலும் கடைகளிலும் பள்ளிகளிலும் சாதாரணமாக வருகிறது.

## கையில் என்ன வேண்டும்

ஒவ்வொரு சாதனத்தின் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாடல் எண்ணின் கடைசி எழுத்து வரை தேவை. ஒரே பெயரில் வரும் இரண்டு மாடல்களுக்குள் சிப்பே வேறாக இருக்கும். ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள் ஓடும் மென்பொருள்) பதிப்பையும் எழுதிக்கொள்ளுங்கள். என்விஆரின் தற்போதைய அமைப்புகளை ஒரு பென்டிரைவில் எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள்.

லேன் போர்ட் உள்ள லேப்டாப், மல்டிமீட்டர், நல்லதென்று உறுதியாகத் தெரிந்த ஒரு சின்னக் கேபிள், தனியாக ஒரு 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர், இவ்வளவு போதும். மென்பொருளில் விஎல்சி பிளேயரும் ஆன்விஃப் டிவைஸ் மேனேஜரும் இலவசம் (ஆன்விஃப் என்னவென்று படி 4-இல் வருகிறது). கேமரா நிறுவனத்தின் தேடல் கருவியையும் இறக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் பாஸ்வேர்டையும் ஃபர்ம்வேரையும் ஒரே மூச்சில் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த கேமராவில் அதே கூத்து மறுபடி நடக்கும்.

## படி 1: மின்சாரம்

பகலில் நன்றாகத் தெரிந்து, இருட்டியதும் படம் போய்ப் போய் வரும் கேமராவை ‘என்விஆரோடு சேரவில்லை’ என்று மாற்றிவிடுகிறார்கள். இருட்டியதும் ஐஆர் (இருட்டில் படம் எடுக்க உதவும் அகச்சிவப்பு) எல்இடிகள் எரியும், இழுக்கும் மின்னோட்டம் கூடும், கேமராவுக்கு வந்து சேரும் வோல்டேஜ் இறங்கும், கேமரா ரீஸ்டார்ட் ஆகும். நடப்பது இவ்வளவுதான்.

கணக்குப் போட்டால் புரியும். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 40 மீட்டர் தூரம், அரை ஆம்பியர் மின்னோட்டம் என்று வைத்துக்கொள்வோம். போக வர 80 மீட்டருக்கு மின்தடை சுமார் 2.75 ஓம். வழியிலேயே ஏறக்குறைய 1.4 வோல்ட் போய்விடும். எஸ்எம்பிஎஸ்ஸில் (கேமராக்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) 12 என்று காட்டுவது கேமரா முனையில் 10.6 ஆகிவிடும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய ஒயரிலும் செம்பு பூசிய அலுமினிய ஒயரிலும் இழப்பு இன்னும் அதிகம். அதனால் மீட்டரை எஸ்எம்பிஎஸ் பக்கம் வைக்காதீர்கள். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது, கேமரா முனையில், லென்ஸ் பக்கத்தை மூடி ஐஆரை எரியவிட்டு அளந்து பாருங்கள். 11 வோல்ட்டுக்குக் கீழே போனால் தடித்த ஒயர் போடுங்கள், அல்லது கேமராவுக்குப் பக்கத்திலேயே சப்ளை கொடுங்கள்.

பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் போகும் முறை) என்றால் எந்தத் தரம் என்று பாருங்கள். 2003-இல் வந்த 802.3ஏஎஃப் தரத்தில் ஸ்விட்ச் போர்ட் 15.4 வாட் தரும், சாதனத்துக்கு 12.95 வாட் வரை கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். 2009-இன் 802.3ஏடி தரத்தில் அது 30, 25.5. சுழலும் பிடிஇசட் கேமராக்கள் பலவற்றுக்கு முதல் வகை போதாது. போர்ட்டுக்கு இவ்வளவு என்பது ஒன்று, ஸ்விட்ச் மொத்தமாக எவ்வளவு தரும் என்பது வேறு. எட்டு போர்ட் ஸ்விட்ச்சின் மொத்தத் திறன் 60 வாட் என்றால் எட்டு போர்ட்டிலும் 15 வாட் கிடைக்காது. தரம் எதையும் பின்பற்றாமல் 24 அல்லது 48 வோல்ட்டை நேராக ஒயரில் ஏற்றும் ‘பாசிவ்’ இன்ஜெக்டர்களும் விற்கிறார்கள். அவை எதிர்முனையில் என்ன இருக்கிறது என்று கேட்காமலே மின்சாரம் அனுப்பும். வோல்டேஜ் பொருந்தாவிட்டால் கேமரா எரியக்கூடும்.

250 மீட்டர் வரை போகும் என்று ஸ்விட்ச்சில் ‘எக்ஸ்டெண்ட்’ பட்டன் இருந்தால், அதைப் போட்டதும் வேகம் 10 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். 8 மெகாபிக்சல் கேமராவுக்கு அது நெருக்கடி.

## படி 2: கோஆக்சியல் கேபிள் அமைப்பு

டிவிஆரும் (கோஆக்சியல் கேபிள் கேமராக்களுக்கான பதிவுப் பெட்டி) பிஎன்சி கனெக்டரும் உள்ள அமைப்பில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். டிவிஐ, சிவிஐ, ஏஎச்டி என்று மூன்று சிக்னல் வகைகள் உண்டு. பழைய சிவிபிஎஸ் நான்காவது. மூன்றும் ஒரே கேபிளில் ஒரே கனெக்டரில் போகும் என்பதால் எல்லாம் ஒன்றுதான் என்று தோன்றும். ஒரு வகை மட்டும் புரியும் டிவிஆரில் வேறு வகைக் கேமராவை மாட்டினால் ‘வீடியோ லாஸ்’ வரும், அல்லது கருப்பு வெள்ளையாக உருளும் படம் வரும்.

இப்போது வரும் கேமராக்கள் பல நான்கு வகையிலும் ஓடும். கேமரா ஒயரோடு தொங்கும் சின்ன ஜாய்ஸ்டிக்கை ஒரு திசையில் ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் வகை மாறும். எந்தத் திசை எந்த வகைக்கு என்பது பிராண்டுக்குப் பிராண்டு வேறு, பெட்டியில் உள்ள தாளைப் பாருங்கள். மாற்றியதும் டிவிஆருக்கு அடையாளம் காணக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். படம் வருவதற்குள் மறுபடி அழுத்திவிட்டு ‘ஒன்றுமே வேலை செய்யவில்லை’ என்று முடிவு கட்டிவிடுவது இங்கே அடிக்கடி நடப்பது.

வகை பொருந்தியும் படம் இல்லையா? ரெசல்யூஷனைப் பாருங்கள். 2 மெகாபிக்சல் வரை மட்டும் எடுக்கும் டிவிஆரில் 5 மெகாபிக்சல் கேமரா தெரியாது. கேமராவைத் தற்காலிகமாக வேறொரு டிவிஆரிலோ டெஸ்டர் திரையிலோ மாட்டி, அதன் மெனுவில் 2 மெகாபிக்சலுக்கு இறக்கிவிட்டு வந்தால் ஓடும். பெட்டியில் ‘1080என்’ என்று போட்டிருக்கும் டிவிஆர் முழு 1080 பதிவு செய்யாது. 1920-க்குப் பதில் 960 பிக்சல் அகலம்தான். அது பழுதில்லை, வாங்கியதே அதுதான்.

## படி 3: ஐபி கேமரா, முதலில் முகவரி

ஹிக்விஷன் கேமராக்கள் பெட்டியிலிருந்து வரும்போது 192.168.1.64 என்ற முகவரியோடும், டஹுவா 192.168.1.108 என்ற முகவரியோடும் வருகின்றன. ஒரே பிராண்டில் புதிதாக நான்கு கேமராக்களை ஒரே நேரத்தில் ஸ்விட்ச்சில் செருகினால் நான்கும் ஒரே முகவரியில் மோதிக்கொள்ளும். ஒவ்வொன்றாகச் செருகி, முகவரி மாற்றி, பிறகு அடுத்ததுக்குப் போங்கள். ஹிக்விஷன் கேமராவில் முதலில் பாஸ்வேர்டு போட்டு ‘ஆக்டிவேட்’ செய்ய வேண்டும். அதுவரை வேற்றுப் பிராண்டு என்விஆரில் சேராது.

என்விஆரின் முதுகில் உள்ள பிஓஇ போர்ட்டுகள் தனி உலகம். ஹிக்விஷனில் அவை 192.168.254 என்று தொடங்கும் உள் நெட்வொர்க்கிலும், டஹுவாவில் 10.1.1 என்று தொடங்கும் நெட்வொர்க்கிலும் இருக்கும். அதே பிராண்டு கேமராவைச் செருகினால் என்விஆரே முகவரி கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும். வேற்றுப் பிராண்டு 192.168.1.x என்ற நிலையான முகவரியோடு உள்ளே போனால் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள், லேப்டாப்பிலும் தெரியாது.

இதற்கு எனக்குப் பிடித்த தீர்வு ஒன்றுதான்: வேற்றுப் பிராண்டு கேமராக்களை அந்தப் போர்ட்டுகளில் செருகவே வேண்டாம். தனியாக ஒரு பிஓஇ ஸ்விட்ச் வாங்கி, அதையும் என்விஆரின் லேன் போர்ட்டையும் ஒரே நெட்வொர்க்கில் போட்டு, சேனலை ‘பிளக் அண்ட் பிளே’யிலிருந்து ‘மேனுவல்’ ஆக்கி முகவரியைக் கையால் கொடுங்கள். ஸ்விட்ச்சுக்குச் செலவுதான், ஆனால் பிறகு ஒவ்வொரு கேமராவையும் லேப்டாப்பிலிருந்தே திறந்து பார்க்கலாம். அந்த வசதிக்கே அந்தப் பணம் தகும்.

## படி 4: லாகின், பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம்

முகவரி சரி, பிங் போகிறது (நெட்வொர்க்கில் கேமரா பதில் தருகிறது), ஆனால் என்விஆரில் ‘பாஸ்வேர்டு தவறு’ அல்லது ‘ஆஃப்லைன்’. இந்த இடத்தில் பொறுமை வேண்டும்.

வேற்றுப் பிராண்டுகள் பேசிக்கொள்வதற்கான பொது ஏற்பாடு ஆன்விஃப். ஆக்சிஸ், பாஷ், சோனி மூன்றும் சேர்ந்து 2008-இல் தொடங்கியது. ‘ஆன்விஃப் உண்டு’ என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அது திறந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஹிக்விஷன் புதிய ஃபர்ம்வேர்களில் அது மூடியே வருகிறது. கேமராவின் வெப் பக்கத்தில் நெட்வொர்க் பகுதியில் ‘இன்டகிரேஷன் புரோட்டோகால்’ என்ற இடத்தில் போய் ஆன்விஃபை இயக்கி, அங்கேயே அதற்கென்று தனியாக ஒரு பயனரை உருவாக்க வேண்டும். அட்மின் பாஸ்வேர்டு அங்கே செல்லாது. வேறு சில பிராண்டுகளில் அட்மின் பாஸ்வேர்டை மாற்றினாலும் ஆன்விஃப் பயனரின் பழைய பாஸ்வேர்டு அப்படியே நிற்கும். டிபி-லிங்க் டாபோ கேமராக்களில் மொபைல் ஆப்பில் ‘கேமரா அக்கவுண்ட்’ என்று தனியாக உருவாக்க வேண்டும், ஆன்விஃப் போர்ட்டும் வழக்கமான 80 இல்லை, 2020.

அடுத்தது கடிகாரம். ஆன்விஃப் லாகினில் பாஸ்வேர்டு அப்படியே போவதில்லை. பாஸ்வேர்டு, அனுப்பும் நேரம், ஒரு தற்செயல் எண் மூன்றையும் சேர்த்துக் குழைத்த ஒரு குறியீடு போகிறது. கேமரா அந்த நேரத்தைத் தன் கடிகாரத்தோடு ஒப்பிடும். வித்தியாசம் அதிகமாக இருந்தால் பாஸ்வேர்டு நூறு சதவீதம் சரியாக இருந்தாலும் நிராகரிக்கும். மின்வெட்டுக்குப் பிறகு கேமராவின் தேதி 1970-க்கோ 2000-க்கோ போய்விடுவது உண்டு. இதைவிட நுட்பமானது டைம் ஜோன். திரையில் மணி சரியாகத் தெரியும், ஆனால் டைம் ஜோன் தொழிற்சாலையில் வைத்த சீன நேரமான ஜிஎம்டி +8-லேயே இருக்கும். உள்ளே இரண்டரை மணி நேரம் பிசகு. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் +5:30 என்று வைத்து, கேமராக்கள் என்விஆரிடமிருந்தே நேரம் எடுக்கும்படி என்டிபி அமைத்துவிடுங்கள். கேமரா நேற்று வரை வந்தது, கரண்ட் போய் வந்ததும் காணோம் என்ற புகார்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

மூன்றாவது, கணக்குப் பூட்டு. தவறான பாஸ்வேர்டு சில தடவை போனால் கேமரா கொஞ்ச நேரத்துக்குக் கணக்கைப் பூட்டிவிடும். நீங்கள் காத்திருந்து சரியான பாஸ்வேர்டு போட்டாலும் மறுபடி பூட்டு. ஏனென்றால் அந்த நேரம் முழுவதும் என்விஆர் பழைய பாஸ்வேர்டோடு கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. முதலில் என்விஆரில் அந்தச் சேனலை நீக்குங்கள், கேமராவை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள், அதன் பிறகு முயலுங்கள்.

பாஸ்வேர்டில் ‘அட்’ (@) குறியீடு இருந்தால் ஆர்டிஎஸ்பி முகவரி (கேமராவின் வீடியோவை நேராக எடுக்கும் முகவரி) உடையும். அந்த முகவரியில் பாஸ்வேர்டுக்கும் ஐபிக்கும் நடுவே வருவதே அந்தக் குறியீடுதான், எது எங்கே முடிகிறது என்று மென்பொருளுக்குக் குழப்பம். ஆன்விஃப் பயனருக்கு எழுத்தும் எண்ணும் மட்டும் கலந்த, நீளமான பாஸ்வேர்டு வையுங்கள்.

பழைய என்விஆர், புத்தம் புதிய கேமரா என்றால் இன்னொன்றையும் பாருங்கள். புதிய கேமராக்கள் பாதுகாப்புக்காக எச்டிடிபியை மூடி எச்டிடிபிஎஸ் மட்டும் திறந்திருக்கலாம். லாகின் சரிபார்ப்பில் ‘எஸ்எச்ஏ256’ மட்டும் வைத்திருக்கலாம். பழைய என்விஆருக்கு எம்டி5 மட்டுமே தெரியும். கேமராவில் இரண்டையும் ஏற்கும் தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். அப்படிப் பாதுகாப்பைத் தளர்த்திய கேமராவை இணையத்துக்கு நேராகத் திறந்துவிடாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு விஎல்சியில் ஆர்டிஎஸ்பி மூலம் படம் வருகிறது, என்விஆரில் மட்டும் வரவில்லை என்றால் தடை ஆன்விஃப் பேச்சில் இருக்கிறது. பல என்விஆர்களில் ‘கஸ்டம் புரோட்டோகால்’ என்று ஒரு வழி உண்டு. அதில் ஆர்டிஎஸ்பி பாதையை நேராகக் கொடுத்துவிடலாம். படம் வரும், பதிவாகும். அசைவு அலாரமும் கேமராவைத் திருப்புவதும் கிடைக்காது.

## படி 5: வீடியோ வடிவம்

லாகின் ஆகிவிட்டது, திரை கருப்பு. அல்லது படம் பச்சையாக உடைந்து வருகிறது. கேமராவை அடிமட்டத்துக்கு இறக்குங்கள்: எச்.264 (வீடியோவைச் சுருக்கும் முறை), 1080பி, விநாடிக்கு 15 ஃபிரேம், ஆடியோ ஆஃப், ‘ஸ்மார்ட் கோடெக்’ ஆஃப். எச்.265+ போன்ற பிளஸ் வகைகள் அந்தந்த நிறுவனத்தின் சொந்தச் சரக்கு. வேற்று என்விஆர் அதைப் படித்தாலும் பிளேபேக்கில் தாவும். அடிமட்டத்தில் படம் வந்தால், ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எந்த இடத்தில் படம் போகிறதோ அதுதான் எல்லை. சப் ஸ்ட்ரீமை (கேமரா கூடவே அனுப்பும் சிறிய அளவு வீடியோ) எச்.264-லேயே விட்டுவிடுங்கள். பல கட்டங்களாகக் காட்டும் திரையும் மொபைல் ஆப்பும் அதைத்தான் எடுக்கின்றன.

சில கேமராக்கள் மட்டும் வரவில்லை என்றால் பேண்ட்விட்த் (டேட்டா அளவு) கணக்கு. 16 சேனல் என்விஆர், உள்ளே வரும் வீடியோவுக்கு எல்லை 80 எம்பிபிஎஸ் என்று வையுங்கள். கேமராவுக்கு 6 எம்பிபிஎஸ் வைத்தால் 13 கேமராக்களுக்கு 78. பதினான்காவது 84-க்குக் கொண்டுபோகும், அதை என்விஆர் ஏற்காது. அந்தக் கேமராவைக் கழற்றி வேறு எதை மாட்டினாலும் அதே கதிதான். எல்லாவற்றையும் 4 எம்பிபிஎஸ் ஆக்கினால் 16-க்கும் 64 போதும். ‘ரிசோர்ஸ் போதவில்லை’ என்று திரையில் வருவது வேறு. அது படத்தைக் காட்டும் திறன் பற்றியது. நேரலையை சப் ஸ்ட்ரீமுக்கு மாற்றினால் போய்விடும், பதிவு பாதிக்கப்படாது.

## படி 6: படம் வருகிறது, பதிவு இல்லை

இது எல்லாவற்றிலும் ஆபத்தானது. திரையில் படம் தெரிவதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். திருட்டு நடந்த பிறகுதான் தெரியும்.

என்விஆர் ‘அசைவு இருந்தால் மட்டும் பதிவு’ என்று இருக்கும். அசைவைக் கண்டுபிடிப்பது கேமரா. அந்தச் செய்தி ஆன்விஃப் வழியாக என்விஆருக்கு வந்து சேர வேண்டும். ஆன்விஃபில் வெவ்வேறு வேலைகளுக்கு வெவ்வேறு புரொஃபைல்கள் உண்டு. எஸ் அடிப்படை வீடியோவுக்கு, ஜி பதிவுக்கு, 2018-இல் வந்த டி (ஆங்கில T) புரொஃபைல் எச்.265-க்கும் அசைவுச் செய்திகளுக்கும், எம் பகுப்பாய்வுத் தகவலுக்கு. மனிதனா வாகனமா என்று பிரித்துச் சொல்லும் வசதிகள் வேற்றுப் பிராண்டு என்விஆரில் பெரும்பாலும் வெறும் ‘அசைவு’ என்றே வரும், அல்லது வரவே வராது. கேமராவின் முன் நடந்துவிட்டு, உடனே பிளேபேக் திறந்து அந்த நிமிடம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இரவிலும் ஒரு முறை பாருங்கள். சந்தேகம் இருந்தால் வேற்றுப் பிராண்டு சேனல்களைத் தொடர் பதிவில் போடுங்கள். ஹார்டு டிஸ்க் சீக்கிரம் நிரம்பும், நாட்கள் குறையும். பதிவே இல்லாததற்கு அது மேல்.

ஹார்டு டிஸ்க்கை மாற்றும்போது உங்கள் மாடல் எத்தனை டெராபைட் வரை ஏற்கும் என்று டேட்டாஷீட்டில் பார்த்து வாங்குங்கள். பழைய வெப் பக்கங்கள் ஆக்டிவ்எக்ஸ் கேட்டால் எட்ஜ் பிரவுசரின் ஐஇ மோடில் திறக்கலாம். இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு ஆதரவு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது.

## படி 7: கார்டு ரீடரும் கண்ட்ரோலரும்

கதவுப் பக்கம் வருவோம். கார்டைக் காட்டினால் ரீடர் ‘பீப்’ என்கிறது, கதவு திறக்கவில்லை. அந்த பீப்புக்கு ரீடர் கார்டைப் படித்துவிட்டது என்றுதான் அர்த்தம். கதவைத் திறக்கலாமா என்று முடிவு செய்யும் கண்ட்ரோலர் ஏற்றுக்கொண்டதா என்பதற்கு அது சாட்சி இல்லை.

பீப்பே வரவில்லை என்றால் அலைவரிசை வேறாக இருக்கலாம். பழைய ப்ராக்ஸிமிட்டி கார்டுகள் 125 கிலோஹெர்ட்ஸ், மைஃபேர் வகை 13.56 மெகாஹெர்ட்ஸ். என்எஃப்சி உள்ள போனின் பின்புறத்தில் கார்டை வையுங்கள். என்எஃப்சி படிக்கும் ஆப் ஏதாவது காட்டினால் அது 13.56. ஒன்றுமே காட்டாவிட்டால் பெரும்பாலும் 125.

பீப் வருகிறது, கண்ட்ரோலரில் வேறு எண் வருகிறது என்றால் கார்டையே கையில் எடுங்கள். மேலே இப்படி அச்சிட்டிருக்கும் என்று வையுங்கள்: 0012345678, பக்கத்தில் 188,24910. இரண்டும் ஒரே எண்தான். 188-ஐ 65536-ஆல் பெருக்கி 24910-ஐக் கூட்டினால் 12345678 வரும். ரீடர் கண்ட்ரோலருக்கு எண்ணை அனுப்பும் வீகேண்ட் 26 பிட் வடிவத்தில் ஃபெசிலிட்டி கோடுக்கு (இங்கே 188) 8 பிட், கார்டு எண்ணுக்கு 16 பிட், இரண்டு ஓரங்களிலும் சரிபார்க்கும் பிட் ஒவ்வொன்று. ஒரு மென்பொருள் 12345678 என்று கேட்கும், இன்னொன்று 18824910 என்று ஒட்டி எழுதும், மூன்றாவது 24910 மட்டும் வைத்துக்கொள்ளும். பழைய மென்பொருளின் எக்செல் பட்டியலைப் புதிய கண்ட்ரோலரில் ஏற்றியதும் ஒருவருக்கும் கதவு திறக்காமல் போவது இதனால்தான். எக்செல்லில் ஒரு பெருக்கல், ஒரு கூட்டல் போட்டால் ஆயிரம் கார்டுகளும் சரியாகிவிடும். யாருடைய கார்டையும் திரும்ப வாங்க வேண்டாம்.

24910 மட்டும் வைத்துக்கொள்ளும் அமைப்பில் ஒரு பாதுகாப்பு ஓட்டை உண்டு. வேறு ஃபெசிலிட்டி கோடுள்ள இன்னொரு கார்டும் அதே எண்ணாகத் தெரியலாம். மைஃபேர் கார்டின் 32 பிட் அடையாள எண்ணை 26 பிட்டுக்குள் அடைத்தாலும் இதே ஆபத்து. ரீடர், கண்ட்ரோலர் இரண்டும் 34 பிட் ஏற்றால் அதற்கே மாற்றுங்கள். இரண்டிலும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். ரீடர் 34 அனுப்பி கண்ட்ரோலர் 26 எதிர்பார்த்தால் பல கண்ட்ரோலர்கள் சத்தமே இல்லாமல் விட்டுவிடும்.

அடுத்து ஒயர். வழக்கமாகப் பச்சை டி0, வெள்ளை டி1 (இரண்டும் டேட்டா ஒயர்கள்), கருப்பு கிரவுண்ட், சிவப்பு சப்ளை. பச்சையும் வெள்ளையும் இடம் மாறினால் ஒவ்வொரு பிட்டும் தலைகீழாகும். 188,24910 என்பது 67,40625 ஆகும், சரிபார்க்கும் பிட்டும் பிசகும். கண்ட்ரோலர் அதைப் பார்த்தால் கார்டையே நிராகரிக்கும், பார்க்காததென்றால் விநோத எண்ணைக் காட்டும். கண்ட்ரோலரின் எண்ணைச் சரியான எண்ணோடு கூட்டிப் பாருங்கள்: 188-ம் 67-ம் 255, 24910-ம் 40625-ம் 65535. இப்படி வந்தால் ஒயர் மாறியிருப்பது உறுதி.

ரீடருக்குத் தனி அடாப்டர் கொடுத்திருந்தால் அதன் கிரவுண்டையும் கண்ட்ரோலரின் கிரவுண்டையும் இணைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. வீகேண்ட் கேபிள் 150 மீட்டருக்குள் இருக்கட்டும்.

## படி 8: கைரேகைக் கருவியும் ஆர்எஸ்-485 ஒயரும்

இசட்கேடெகோ வகைக் கருவிகள் 192.168.1.201 முகவரியோடும் 4370 போர்ட்டோடும் வருகின்றன. மென்பொருள் இணையவில்லை என்றால் இவற்றையும் கருவியின் ‘கம்யூனிகேஷன் கீ’யையும் பாருங்கள். கைரேகைப் பதிவுகளை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற இரண்டிலும் ஒரே பதிப்பு அல்காரிதம் வேண்டும். 9.0 பதிப்பில் எடுத்த ரேகை 10.0-இல் பொருந்தாது. பெயர், பணியாளர் எண், கார்டு எண் மூன்றையும் மாற்றிக்கொள்ளலாம், விரலை மறுபடி வைக்கத்தான் வேண்டும். இதை முன்கூட்டியே ஊழியர்களிடம் சொல்லிவிட்டால் திங்கட்கிழமை காலை வாசலில் வரிசை நிற்காது.

ஆர்எஸ்-485-இல் (இரண்டு ஒயர் டேட்டா இணைப்பு) ஓடும் ஓஎஸ்டிபி (வீகேண்டுக்குப் பதிலான பேச்சு முறை) ரீடர்கள் வீகேண்டைவிடப் பாதுகாப்பானவை, கேபிளும் 1200 மீட்டர் வரை போகலாம். பேசவில்லை என்றால் ஏ, பி ஒயர்களை மாற்றிப் பாருங்கள். இந்த இரண்டு எழுத்துகளை எல்லா நிறுவனங்களும் ஒரே பொருளில் போடுவதில்லை. ஒரே ஒயரில் இரண்டு ரீடர்களுக்கு ஒரே முகவரி இருக்கக் கூடாது, பாட் ரேட் (டேட்டா வேகம்) ஒன்றாக இருக்க வேண்டும், ஒயரின் இரு கோடிகளிலும் 120 ஓம் மின்தடை. வேறொரு இடத்திலிருந்து கழற்றி வந்த ரீடர் என்றால் அது பழைய கண்ட்ரோலரின் ரகசியச் சாவியை இன்னும் வைத்திருக்கும். ரீசெட் செய்தால்தான் புதிய கண்ட்ரோலரோடு பேசும்.

## படி 9: பூட்டு

ஈஎம் லாக் (மின்காந்தப் பூட்டு) மின்சாரம் இருக்கும்வரை பிடித்திருக்கும். அதன் ஒயர் ரிலேயின் (கண்ட்ரோலர் இயக்கும் மின் சுவிட்ச்) காம் (பொது), என்சி (சாதாரணமாக இணைந்திருக்கும்) முனைகளில் வர வேண்டும். மின்சாரம் வந்தால் திறக்கும் வகை ஸ்ட்ரைக் (கதவுச் சட்டத்தில் பொருத்தும் மின் பூட்டு) என்றால் காம், என்ஓ (சாதாரணமாகப் பிரிந்திருக்கும்). மாற்றிப் போட்டால் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும், கார்டு காட்டும்போது மட்டும் பூட்டும்.

கதவு திறக்கும் அந்தக் கணத்தில் ரீடரோ கைரேகைக் கருவியோ ரீஸ்டார்ட் ஆகிறதா? பூட்டின் காந்தச் சுருள் அணையும்போது திருப்பி அடிக்கும் வோல்டேஜ்தான் காரணம். டிசி பூட்டின் முனைகளுக்கு நடுவே ஒரு 4007 டையோடை, வெள்ளைக் கோடுள்ள பக்கம் பிளஸ்ஸில் இருக்கும்படி போடுங்கள். பூட்டுக்குத் தனி சப்ளை கொடுங்கள். 280 கிலோ தாங்கும் ஈஎம் லாக் 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் அளவுக்கு எடுக்கும். அதைக் கைரேகைக் கருவியின் சின்ன அடாப்டரில் தொங்கவிடக் கூடாது.

தீ அலாரம் அடித்தால் கதவு திறக்க வேண்டும். அந்த இணைப்பை மென்பொருள் வழியாக வைக்காமல், ஃபயர் பேனலின் ரிலே பூட்டின் மின்சாரத்தையே நேராகத் துண்டிக்கும்படி போடுங்கள். கண்ட்ரோலர் ஹேங் ஆனாலும் ஆட்கள் வெளியே வர முடிய வேண்டும். எந்தப் பொருத்தச் சிக்கலைத் தீர்க்கும்போதும் இதை மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. வேலை முடிந்ததும் அலாரத்தை அடிக்கவிட்டு, கதவைக் கையால் தள்ளிப் பாருங்கள்.

## எதைச் செய்தாலும் சேராதவை

பேட்டரியில் ஓடும் வைஃபை கேமராக்கள் பலவற்றில் ஆன்விஃபும் இல்லை, ஆர்டிஎஸ்பியும் இல்லை. என்விஆரில் சேர்க்க முயன்று நேரம் செலவழிக்க வேண்டாம். ஐபி சேனல் ஏற்காத பழைய டிவிஆரில் ஐபி கேமரா சேராது. 125 கிலோஹெர்ட்ஸ் ரீடர் மைஃபேரைப் படிக்காது, எந்த அமைப்பை மாற்றினாலும் ஆன்டெனா மாறாது. எச்.265 தெரியாத என்விஆருக்கு ஃபர்ம்வேர் போட்டு அதைக் கற்றுக்கொடுப்பதும் அபூர்வம். சீனச் சந்தைக்கான கேமராவில் சர்வதேசப் பதிப்பு ஃபர்ம்வேரை ஏற்றுவதை வீடியோவில் யார் சொன்னாலும் செய்யாதீர்கள், கேமரா திரும்ப எழாமலே போகலாம்.

## புதிது வாங்கும் முன்

கடைக்காரரிடம் ‘ஆன்விஃப் இருக்கா’ என்று கேட்டால் ‘இருக்கு’ என்றுதான் பதில் வரும். ‘புரொஃபைல் டி இருக்கா, எந்த ஃபர்ம்வேரில்’ என்று கேளுங்கள். ஆன்விஃப் தளத்தில் சான்று பெற்ற சாதனங்களின் பட்டியல் இருக்கிறது. சான்று மாடலுக்கு மட்டுமல்ல, குறிப்பிட்ட ஃபர்ம்வேர் பதிப்புக்கும் சேர்த்துத்தான். மாடல் எண்ணை அங்கே தட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும்.

பத்துக் கேமரா வேண்டுமென்றால் முதலில் ஒன்று வாங்குங்கள். உங்கள் என்விஆரிலேயே மாட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் ஓடவிட்டு, அசைவுப் பதிவு, பிளேபேக், மொபைல் ஆப், கரண்ட் போய் வந்த பிறகு தானாக வருகிறதா என்ற நான்கையும் பார்த்துவிட்டு மற்ற ஒன்பதுக்கும் ஆர்டர் கொடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வதாக பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அந்தக் கேமராவில் ஓடும் ஃபர்ம்வேர் பதிப்பையும், நீங்கள் மாற்றிய ஒவ்வொரு அமைப்பையும் ஒரு தாளில் எழுதி என்விஆர் பெட்டிக்குள் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை வேலைக்கு வருபவர் வேறு ஆளாகத்தான் இருப்பார்.